பற்றரியைக் குறை கூறுமுன்: வாகன மின்னேற்றச் சுற்றின் பழுதுகளைக் கண்டறிதல்

கிராமத்தில் ஓடும் வான் ஒன்று காலையில் இயங்க மறுத்தால், சுற்றி நிற்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை “பற்றரி முடிஞ்சுது” என்பதே. பத்தில் சில தடவை அது உண்மையாக இருக்கும். ஏனைய தடவைகளில் பற்றரி குற்றவாளியல்ல. அதற்கு உணவு போய்ச் சேரவில்லை. ஆனால் கடன்பட்டோ நகையை அடகு வைத்தோ புதுப் பற்றரி வாங்கப்படுகிறது. அது சில மாதங்களில் பழையதைப் போலவே படுத்துவிடுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் ரூபாவின் பெறுமதியும் வீழ்ந்த பின்னர், பழைய வாகனங்களைக் கொண்டே எமது மக்கள் காலந்தள்ளக் கற்றுக்கொண்டனர். ஆகவே மின்னேற்றச் சுற்றைச் சோதிக்கும் அறிவு ஒவ்வொரு கிராமத்திலும் ஓரிருவரிடமாவது இருப்பது அவசியம். கல்வித் தகைமை எதுவும் இதற்குத் தேவையில்லை. சாதாரண பல்மானி (மல்ரி மீற்றர்) ஒன்றும், பொறுமையும் போதும்.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். தொட்டி காலியாகக் கிடந்தால் உடனே தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டுவாருண்டா? பம்பு இறைக்கிறதா, குழாய் வழியில் அடைப்புண்டா, தொட்டியில் வெடிப்புண்டா, இரவில் யாராவது திறந்து விடுகிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பற்றரி தொட்டி, டைனமோ அல்லது ஓல்ரனேற்றர் பம்பு, வயர்கள் குழாய்கள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தண்ணீருக்குப் போகும் வழி மட்டும் போதும். மின்னோட்டத்திற்குத் திரும்பி வரும் வழியும் வேண்டும். அத்திரும்பு வழிதான் எர்த். வாகனத்தின் இரும்பு உடலும், இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் பின்னல் வயரும் அவ்வழியில் அடங்கும். எமது அனுபவத்தில் அதிகம் மறக்கப்படும் பகுதி இதுவே.

முல்லைத்தீவுக் கரையோரத்துக் கிராமமொன்றில் ஒரு சங்கத்துக்குச் சொந்தமான வான் ஓடியது. விடியற்காலையில் மீனும் மரக்கறியும் சந்தைக்குப் போகும். இரவில் நோயாளிகளும் பிள்ளைப்பேற்றுக்குரிய தாய்மாரும் வைத்தியசாலைக்குப் போவார்கள். அதற்கு ஒன்றரை வருடத்தில் இரண்டு பற்றரிகள் வாங்கப்பட்டன. மூன்றாவதையும் வாங்கும்படி கராஜ் ஒன்றில் சொல்லப்பட்டது. ஓரிரவு பிள்ளைப்பேற்று வலியோடு இருந்த பெண்ணை ஏற்றிய பின் வான் இயங்கவில்லை. ஆறேழு பேர் தள்ளித்தான் கிளப்பினார்கள். மறுநாள் எமது பயிற்சி நிலையத்து இளைஞர்கள் மானியுடன் போனார்கள். ஓல்ரனேற்றரின் ‘பி’ முனைக்கும் அதன் உடலுக்குமிடையே 14.3 வோல்ற், மிக நல்ல அளவு. ஆனால் பற்றரியின் இரு முனைகளுக்குமிடையே 12.9 மட்டுமே. 1.4 வோல்ற் எங்கே போனது? மானியின் ஒரு கம்பியை ஓல்ரனேற்றரின் உடலிலும் மற்றதைப் பற்றரியின் எதிர் முனையிலும் வைத்தபோது 1.3 காட்டியது. இயந்திரத்திலிருந்து உடலுக்கு வரும் பின்னல் வயர் கடற்காற்றில் பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. புதிய வயரும் இரண்டு ஆணியும் போட்டதும் வான் சுகமானது. செலவு புதுப் பற்றரியொன்றின் விலையில் இருபதில் ஒரு பங்கும் ஆகவில்லை.

அந்த வானில் மின்னேற்ற விளக்கு ஒழுங்காக அணைந்தே இருந்தது. அதனால்தான் எவரும் ஓல்ரனேற்றர் பக்கம் பார்க்கவில்லை. இவ்விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

விளக்கின் சாட்சியம்

விளக்கின் ஒரு பக்கம் திறப்புச் சுவிச்சின் வழியாகப் பற்றரியுடனும், மறுபக்கம் ஓல்ரனேற்றருடனும் இணைந்துள்ளது. திறப்பைத் திருப்பியதும் ஒரு பக்கத்தில் 12 வோல்ற், மறுபக்கத்தில் ஒன்றுமில்லை. எனவே விளக்கு எரியும். இயந்திரம் ஓடி ஓல்ரனேற்றர் மின்னைப் பிறப்பித்ததும் இரு பக்கமும் சமமாகும், விளக்கு அணையும். ஆக, அது நேர்ப் பக்கத்தின் இரு இடங்களை ஒப்பிடுகிறதேயன்றி, பற்றரிக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை அளக்கவில்லை. எர்த் பக்கத்துப் பழுதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

திறப்பைத் திருப்பியும் விளக்கு எரியவில்லையெனில் அதைச் சிறு குறையென்று விடக்கூடாது. பல ஓல்ரனேற்றர்களில் சுழலிக்குத் தேவையான முதல் மின்னோட்டம் இவ்விளக்கின் வழியாகத்தான் போகிறது. பல்ப் கருகியிருந்தால் ஓல்ரனேற்றர் தூங்கிக்கொண்டே சுழலலாம். பல்ப் நல்லதெனில் உருகி, வயர், பின்னர் தேய்ந்த காபன் தூரிகை (பிறஷ்) என்ற வரிசையில் தேட வேண்டும். இயந்திரம் ஓடும்போது விளக்கு முழுமையாக எரிந்தால் மின்னேற்றம் இல்லை. மங்கலாக மினுங்கினால் இருவாயி (டயோட்) ஒன்று பழுதடைந்திருக்கலாம். அல்லது சுவிச்சுக்கு வரும் வழியில் எங்கோ தளர்வான தொடுப்பு இருக்கலாம்.

சுழலியில் காந்தம் உண்டாகிறதா என்பதைச் செலவின்றி அறிய ஒரு வழியுண்டு. இயந்திரத்தை ஓட்டாமல் திறப்பை மட்டும் திருப்பி, ஓல்ரனேற்றரின் கப்பி நட்டின் அருகே அல்லது பின்பக்கத் தாங்கியின் அருகே ஒரு ஸ்குறூ டிறைவரைப் பிடித்தால் மெல்லிய இழுவை தெரியும். இழுவை சற்றும் இல்லையெனில் தூரிகை, றெகுலேற்றர், விளக்குச் சுற்று ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

கண்ணும் கையும் முதலில்

மானியை எடுக்குமுன் பெல்ற்றைப் பார்க்க வேண்டும். இரு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்வது அளவு. பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தால், அல்லது தேய்ந்து கப்பியின் பள்ளத்து அடியைத் தொட்டால், எவ்வளவு இழுத்து முறுக்கினாலும் அது வழுக்கும். முன்விளக்கைப் போட்டதும் கீச்சென்று அலறும் வாகனம் தன் நோயைத் தானே சொல்கிறது. அளவுக்கு மிஞ்சி முறுக்குவதும் தவறு. ஓல்ரனேற்றரின் தாங்கியும் நீர்ப் பம்பின் தாங்கியும் அதனால் அழியும்.

அடுத்தது பற்றரியின் முனைகள். வெள்ளையும் பச்சையுமான பூ இருந்தால் எதிர் வயரை முதலில் கழற்றி (நேர் எர்த் உள்ள பழைய கார்களில் எர்த்துக்குப் போகும் நேர் வயர்), வெந்நீரில் கழுவி, முனையையும் கவ்வியின் உட்புறத்தையும் உலோகம் பளிச்சிடுமட்டும் சுரண்டிப் பூட்டி, மேலே சற்றுக் கிறீஸ் பூசவேண்டும். திரும்பப் பூட்டும்போது எர்த் வயர் கடைசி. பற்றரியின் அருகே பீடி, சிகரெட், தீக்குச்சி வேண்டாம். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறும், அது வெடிக்கும்.

மானி வைத்துப் பார்த்தல்

வாகனம் சில மணிநேரம் ஓய்ந்திருந்த பின் பற்றரியை அளக்க வேண்டும். 12.6 வோல்ற் அல்லது சற்று மேல் எனில் நிறைந்தது, 12.2 எனில் ஏறத்தாழப் பாதி, 12.0 க்குக் கீழ் எனில் வெறுமையை நெருங்குகிறது. வெறுமையான பற்றரி வேறு, செத்த பற்றரி வேறு. தீர்ப்புக் கூறுமுன் அதை வெளியே எடுத்து மெதுவாக மின்னேற்ற வேண்டும். நிறைத்த பின்னும் ஸ்ராட்டர் சுழலும்போது 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால், அப்போது பற்றரியைக் குற்றஞ் சாட்டலாம். மூடிகள் உள்ள பற்றரியாயின் அமிலத்தின் அடர்த்தியையும் அறையறையாக அளப்பது நல்லது. ஓர் அறை மற்றவற்றிலிருந்து 0.05 க்கு மேல் வேறுபட்டால் அவ்வறை போய்விட்டது. முற்றாக வெறுமையான பற்றரியை ஓல்ரனேற்றரைக் கொண்டே நிரப்ப முயல்வதும் நல்லதல்ல. நீண்ட நேரம் முழுச் சுமையில் ஓடி அது சூடேறிக் கருகும்.

இப்போது இயந்திரத்தை ஓட்டி, சற்று வேகம் கொடுத்து, பற்றரியின் முனைகளில் அளக்க வேண்டும். 13.8 க்கும் 14.5 க்கும் இடையே நின்றால் சுகம். பின்னர் முன்விளக்கு, காற்றாடி, துடைப்பான் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். 13.5 வரை இறங்கினால் பரவாயில்லை. 13 க்குக் கீழே போனால் பழுதுண்டு. 15 ஐத் தாண்டினால் றெகுலேற்றர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அத்தகைய வாகனத்தில் பல்ப்புகள் அடிக்கடி கருகும், பற்றரியின் தண்ணீர் விரைவாக வற்றும், முட்டை அழுகிய மணமும் வரலாம்.

அளவு குறைவாக இருந்தால் ஓல்ரனேற்றரைக் கழற்றுவதற்கு முன் மேலே சொன்ன வானின் சோதனையைச் செய்ய வேண்டும். எல்லாச் சுமைகளும் போட்டபடியிருக்க, ‘பி’ முனைக்கும் பற்றரியின் நேர் முனைக்குமிடையே மானியை வைத்தால் 0.5 வோல்ற்றுக்கு மேல் வரக்கூடாது. ஓல்ரனேற்றரின் உடலுக்கும் எதிர் முனைக்குமிடையே 0.2 க்கு மேல் வரக்கூடாது. கவ்வியை விட்டுப் பற்றரியின் ஈய முனையிலேயே கம்பியை வைக்க வேண்டும். கவ்விக்கும் முனைக்குமிடையே பழுது இருந்தால் கவ்வியில் வைப்பவருக்கு அது தெரியவராது. இவ்விரு அளவுகளும் சரியாயிருந்து, பற்றரியில் மட்டும் அளவு குறைவெனில் அப்போதுதான் ஓல்ரனேற்றரைக் கழற்றலாம்.

ஓல்ரனேற்றர் பிறப்பிப்பது ஆடலோட்டம். இருவாயிகளே அதை நேரோட்டமாகச் சீராக்குகின்றன. அவற்றில் ஒன்று பழுதானால் மின்னேற்றம் குறைவதோடு, ஆடலோட்டத்தின் சாயலும் பற்றரிக்குள் வரும். மானியை ஆடலோட்ட அளவில் வைத்து, ஓடும் வாகனத்தின் பற்றரியில் அளக்கும்போது 0.5 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இருவாயியைச் சந்தேகிக்கலாம். மலிவான மானிகள் சில இவ்வளவில் நேரோட்டத்தையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றும். கம்பிகளை மாற்றிப் பிடித்துப் பார்த்து, இரு விதத்திலும் ஒரே அளவு வந்தால் மட்டும் நம்பலாம்.

இரவில் திருடும் இருவாயியும் உண்டு. பகலில் ஓரளவு மின்னேற்றும். வாகனம் நின்றதும் பற்றரியின் மின்னைத் தன்னூடாகத் திரும்ப வடியவிடும். காலையில் இயந்திரத்தைக் கிளப்புமுன் ஓல்ரனேற்றரைத் தொட்டுப் பார்த்தால் இதம் தெரியும். இராமுழுதும் குளிரில் நின்ற இரும்பு சூடாயிருக்க வேறு காரணமில்லை.

பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் வழக்கம்

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரியின் ஒரு வயரைக் கழற்றி, “நிண்டால் சார்ஜ் இல்லை, ஓடினால் சார்ஜ் இருக்கு” என்று தீர்ப்புக் கூறும் வழக்கம் எமது கராஜ்களில் இன்னும் இருக்கிறது. இது டைனமோக் காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும். அனுபவமுள்ள கைகளும் இதைச் செய்வதால் இளைஞர்கள் கேள்வியின்றிக் கற்றுக்கொள்கிறார்கள். இதை அறவே கைவிட வேண்டும். ஓடும் ஓல்ரனேற்றரிலிருந்து பற்றரியைப் பிரித்தால், கணப்பொழுதில் மின்னழுத்தம் பல பத்து வோல்ற்றுகளுக்கு எழும்பி இருவாயிகளையும் றெகுலேற்றரையும் எரிக்கும். வாகனத்தில் கணினிப் பெட்டி இருந்தால் அதையும் கொல்லும். அவ்வளவு நட்டத்துக்குப் பின்னும் சோதனை எதையாவது நிரூபிக்கிறதா? பழைய டீசல் இயந்திரங்கள் பலவற்றுக்கு ஓடுவதற்கு மின்னே தேவையில்லை. பற்றரியும் ஓல்ரனேற்றரும் இரண்டும் இல்லாவிட்டாலும் அவை ஓடும். அத்தகைய வானில் இச்சோதனையைச் செய்து “சார்ஜ் இருக்கு” என்று சொன்னவரையும் நாம் கண்டிருக்கிறோம்.

புதிய வாகனங்கள் பற்றி ஒரு சொல். அண்மைக்கால மோட்டார் வாகனங்கள் சிலவற்றில் மின்னேற்ற அளவைக் கணினி கூட்டிக் குறைக்கும். மேலே தந்த எண்கள் அவற்றுக்கு அப்படியே பொருந்தா. ஹைபிரிட் வாகனங்களில் பெரும்பாலானவற்றில் ஓல்ரனேற்றரே இல்லை. செம்மஞ்சள் உறையிட்ட வயர்கள் ஓடும் வாகனத்தில் 100 வோல்ற்றுக்கு மேற்பட்ட, உயிரைப் பறிக்கக்கூடிய மின் உண்டு. பயிற்சி இல்லாதவர் அதன் அருகில் போகக் கூடாது.

டைனமோ உள்ள பழைய கார்கள்

1990களில், பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடைக்காத நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு மின்பிறப்பாக்கியின் தத்துவத்தைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. சுற்றும் வேகம் கூடினால் ஓசை கூடியது, குறைந்தால் மங்கியது. காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் மின் பிறக்கும் என்று 1831 இல் பரடே கண்டதும் இதையே. அவர் ஒரு கொல்லனின் மகன். புத்தகம் கட்டும் தொழிலைப் பயின்றவர். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. வேகத்தோடு ஏறியிறங்கும் இந்த மின்னைக் கட்டுக்குள் வைப்பதற்கே காரில் றெகுலேற்றர் தேவைப்படுகிறது.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்கள் இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடுகின்றன. அவற்றிலுள்ள லூக்காஸ் டைனமோ கொடுக்கக்கூடியது 19 முதல் 22 அம்பியர் வரையே. மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. கலியாண ஊர்வலத்தில் அலங்கார விளக்குகளோடு ஊர்ந்து போகும் ஏ40 ஊர்வல முடிவில் நின்றுவிட்டால் அது பழுதல்ல, கணக்கு. மெதுவாக ஓடும்போது விளக்கு மினுங்குவதும் இக்கார்களில் இயல்பு.

டைனமோவில் இரு முனைகள் உண்டு: ‘டி’ என்ற பெரியது, ‘எஃப்’ என்ற சிறியது. சோதிக்கும் முறை இது. இரு வயர்களையும் கழற்றி, இரு முனைகளையும் சிறு வயரால் ஒன்றாக இணைக்க வேண்டும். மானியின் ஒரு கம்பியை அவ்விணைப்பிலும் மற்றதை டைனமோவின் உடலிலும் வைத்து, இயந்திரத்தை மெதுவாக ஓட்டிச் சிறிது சிறிதாக வேகங் கூட்ட வேண்டும். மானி தடுமாறாமல் விரைந்து ஏறினால் டைனமோ நல்லது. இங்கே றெகுலேற்றர் இல்லாததால் 20 வோல்ற்றைத் தாண்ட விடக்கூடாது. இயந்திரத்தை அலறவிடவும் கூடாது.

மானி ஒன்றுமே காட்டாவிட்டால் தூரிகைகளைப் பார்க்க வேண்டும். தேய்ந்திருக்கும் அல்லது கூட்டில் சிக்கியிருக்கும். அரை முதல் ஒரு வோல்ற் மட்டும் காட்டினால் புலச்சுருளில் பழுது. அதன் தடை ஏறத்தாழ 6 ஓம் இருக்க வேண்டும். 4 அல்லது 5 வோல்ற்றில் நின்றுவிட்டால் சுழலும் ஆமேச்சரின் சுருளில் பழுது. இவ்வளவு தெளிவாகத் தன் நோயைப் பிரித்துச் சொல்லும் கருவி வேறில்லை. திசைமாற்றியான செப்பு வளையம் கறுத்திருந்தால் பெற்றோலில் நனைத்த துணியால் துடைத்து, போதாவிட்டால் நுண்ணிய கண்ணாடித்தாளால் மெருகிடலாம். எமரித் தாள் கூடாது. செப்புத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள காவலி செப்பின் மட்டத்துக்கு உயர்ந்திருந்தால், ஒடித்த வாளலகினால் முப்பத்திரண்டில் ஒரு அங்குல ஆழத்துக்குச் சீவிவிட வேண்டும்.

டைனமோ நல்லதெனில் அதன் வயர்களைப் பெட்டிவரை தொடர்ந்து பார்த்துவிட்டே றெகுலேற்றர் பெட்டியைத் திறக்கலாம். பெட்டியிலுள்ள திருகாணியை முதலில் திருப்பிப் பார்ப்பது எமது மெக்கானிக்குகளின் ஆசை; அது கடைசியாகச் செய்ய வேண்டியது. ‘ஏ’ வயர்களைக் கழற்றிய நிலையில் இப்பெட்டிகளின் அளவு ஏறத்தாழ 16 வோல்ற். பற்றரி இணைந்திருக்கும்போது காணும் அளவைவிட இது கூட என்று அஞ்சித் திருகாணியைத் தளர்த்திக் காரைக் கெடுத்தவர் உண்டு. சுருள் சூடேறினால் அளவு மாறிவிடுமாகையால் சீர்செய்வதை அரை நிமிடத்துள் முடிக்க வேண்டும்.

நெடுநாள் கிடந்த டைனமோ, எல்லாம் சரியாயிருந்தும் உயிர்பெறாமல் இருப்பதுண்டு. டைனமோவுக்குள் நிலைக் காந்தம் இல்லை. இரும்பில் எஞ்சியுள்ள சிறு காந்தத்திலிருந்து மின் பிறந்து, அந்த மின்னே காந்தத்தை வளர்த்து, அது மேலும் மின்னை வளர்க்கிறது. தன்னைத் தானே வளர்க்கும் இத்தத்துவத்தைச் சீமென்ஸ் 1867 இல் வெளியிடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஹங்கேரியின் பெனடிக்ரீன் சபைக் குருவான ஆனியோஷ் யெட்லிக் கண்டிருந்தார். எஞ்சிய காந்தம் அழிந்தால், அல்லது திசைமாறினால், டைனமோவுக்குத் திரும்பவும் ஒரு தொடக்கம் கொடுக்க வேண்டும். ‘எஃப்’ வயரை டைனமோவிலிருந்து கழற்றி ஒதுக்கிவிட்டு, பற்றரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து, ‘எஃப்’ முனையில் ஓரிரு விநாடி இரண்டு மூன்று தடவை தொட்டால் போதும். சிறு பொறி பறக்கும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இப்பழைய கார்களில் பெரும்பாலானவை நேர் முனையை எர்த்தாகக் கொண்டவை. அதை உறுதிசெய்து கொண்டே தொட வேண்டும். வேறொரு வானிலிருந்து மின் கொடுத்துக் கிளப்பும்போதும் நேர் முனை நேருக்கும் எதிர் முனை எதிருக்குமே போக வேண்டும். இரு வாகனங்களின் உடல்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பின்னர் ‘எஃப்’ வயரைப் பூட்டி, இயந்திரத்தை ஓட்டி, விளக்கு அணைகிறதா என்று பார்க்கலாம்.